சென்னைப் புறநகரில் தனிவீடு வாங்குமுன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம் போன்ற பகுதிகளில் அரை கிரவுண்டு (1200 சதுர அடி) மனையில் கட்டிய தனிவீடு ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். படுக்கையறை எத்தனை, பூஜை அறை உண்டா, வாசல் எந்தத் திசை, கார் நிற்குமா என்று கேட்டு முடித்து, நேரம் மிஞ்சினால் தெருவை ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. வீட்டுக்குள் இருக்கும் குறைகளில் பெரும்பாலானவற்றைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். மனையின் மட்டம், தெருவின் அகலம், நிலத்தடி நீரின் தன்மை, மழைநீர் வடியும் திசை ஆகியவற்றை எந்த உரிமையாளரும் தனியாளாக மாற்றிவிட முடியாது. ஆகவே ஊரின் நீரோட்டத்தை முதலில் பார்த்து, பிறகு தெருவுக்கும், அன்றாட வசதிகளுக்கும், கடைசியாக வீட்டுக்கும் ஆவணத்துக்கும் வரும் முறையில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் சென்னையின் தென்புறநகரைச் சார்ந்தவை.

மழைநீர் வரும் வழியும் போகும் வழியும்

2015 டிசம்பர் முதல் இரண்டு நாட்களில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதையே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் வந்து சேர்கிறது. அதற்கு மேல்புறம் இருக்கும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் மிகைநீரும், அதைத் தாங்கும் அளவுக்கு அகலமில்லாத ஆறும்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதே பகுதிகள் மறுபடியும் நீரில் நின்றன. வீடு வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: செய்தியில் அடிபடும் பெரிய ஏரி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் காட்டிலும், தான் வாங்கப்போகும் மனைக்கு மேல்புறம் எந்தச் சிறிய ஏரி இருக்கிறது, அது நிறைந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதே முதன்மையான கேள்வி.

கிழக்குப் பக்கத்திலும் கதை இதுவே. சிட்லப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் சங்கிலித் தொடராக ஒன்றின் மிகையை மற்றொன்று வாங்கி, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் கொண்டுசேர்ப்பவை. இந்தத் தொடரின் ஏதாவது ஒரு கலங்கலுக்கும் (மிகைநீர் வழிந்தோடும் வாய்) அடுத்த ஏரிக்கும் நடுவில் உள்ள வாய்க்கால் இன்று ஒரு தெருவாகவோ, மூடிய சாக்கடையாகவோ மாறியிருக்கலாம். மழை பெருத்தால் தண்ணீர் தன் பழைய வழியையே தேடிவரும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள்ளும் சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள்ளும் புதிய கட்டட அனுமதிகளை நிறுத்திவைக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் உத்தரவிட்டது. எனவே பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கத்தின் சில பகுதிகளில் மனையோ புதிதாகக் கட்டும் வீடோ வாங்குபவர்கள், அந்த உத்தரவின் இன்றைய நிலையை வழக்கறிஞர் மூலம் உறுதி செய்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் ஒரு சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கூகுள் எர்த் மென்பொருளில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்ப்பது. இன்று மனைப்பிரிவாக இருக்கும் இடம் இருபது ஆண்டுகளுக்கு முன் வயலாக இருந்ததா, நீர் தேங்கும் பள்ளமாக இருந்ததா, ஏரியின் விளிம்பாக இருந்ததா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, கிராம நில அளவைப் புலப்படத்தில் அந்தச் சர்வே எண்ணையும் அதைச் சுற்றியுள்ள எண்களையும் பார்ப்பது. பக்கத்து எண் ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால் புறம்போக்காக இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அங்கே நீரோட்டம் இருந்திருக்கிறது. மூன்றாவது, நேரில் போய்க் கண்ணால் பார்ப்பது. இதற்கு இணையான ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து.

நேரில் போகும்போது வீட்டைப் பார்க்காமல் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். விற்பனைக்கு வரும் வீட்டின் சுவரில் இருந்த நீர்க்கறை புது வண்ணப்பூச்சின் கீழே மறைந்திருக்கும். எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரில் அது அப்படியே இருக்கும். மின் மீட்டர் பெட்டியைத் தெருவில் பலர் ஆளுயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களா, தண்ணீர்த் தொட்டியின் வாய் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறதா, வாசற்கதவுக்குக் கீழே தண்ணீர் தடுக்கும் சிறு சுவர் இருக்கிறதா, புது வீடுகள் மட்டும் பழைய வீடுகளைவிட மூன்று நான்கு அடி உயரத்தில் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். தெருவாசிகள் வாயால் சொல்லத் தயங்குவதை இவை சொல்லிவிடும். அவர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. தங்கள் தெருவின் விலை குறைவதை யார்தான் விரும்புவார்கள்? மளிகைக் கடைக்காரர், துணி தேய்ப்பவர், பால் போடுபவர் ஆகியோரிடம், 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, படகு வந்ததா என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரையில், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் அந்தத் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் பின்னால் வருத்தப்படும் வாய்ப்புக் குறைவு. விற்பவர் அவசரப்படுத்தினாலும் பொறுத்திருக்கலாம்.

சாலை மட்டம் தனியாகப் பார்க்க வேண்டியது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன. மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே மறுசாலை போட வேண்டும் என்று அரசு 2021இல் அறிவுறுத்திய பின்னரும் உள்தெருக்களில் இது எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. இன்று மண் சாலையாக இருக்கும் தெரு நாளை கான்கிரீட் சாலையாகும்போது முக்கால் அடி உயரக்கூடும் என்று கணக்கிட்டு, வீட்டின் தரைமட்டம் இப்போதைய சாலையிலிருந்து குறைந்தது மூன்றடியாவது உயரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருக்கும் வீட்டைத் தூக்கி நிறுத்தும் பணிகள் சென்னையில் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தச் செலவை வாங்கும் விலையில் சேர்த்தால் கணக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

குடிக்கும் தண்ணீர், கழிவுத் தண்ணீர்

புறநகரில் பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணறே உயிர்நாடி. அது எத்தனை அடி ஆழம், எந்த ஆண்டு போட்டது, மே மாதத்தில் மோட்டார் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுகிறது, 2019 கோடையில் வற்றியதா என்று கேளுங்கள். 2019 என்று குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம், அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ முழுவதும் வறண்டுபோயின. அப்போது தாக்குப்பிடித்த கிணறு நம்பத்தக்கது. பாலாற்றுக் குடிநீரோ வேறு கூட்டுக் குடிநீரோ தெருக்குழாயில் வருகிறது என்றால், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், வீட்டு இணைப்பு முறைப்படி பெறப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தெருவில் தண்ணீர் லாரி அடிக்கடி நிற்கிறதா, வீட்டு வாசல்களில் காலி கேன்கள் எத்தனை அடுக்கியிருக்கின்றன என்பது கேள்வி கேட்காமலே கிடைக்கும் பதில்.

குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வந்து பரிசோதிப்பது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும், கிண்டி கிங் நிலையத்திலும் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 2000 வரை அனுமதிக்கலாம். கடினத்தன்மைக்கு அந்த எல்லைகள் 200, 600. கடினத்தன்மை மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய்கள் அடைத்துக்கொள்ளும், வாட்டர் ஹீட்டர் சீக்கிரம் கெடும். அதைவிடக் கவலைக்குரியது, கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் நுண்ணுயிரி. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க் இருக்கும். அதற்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடியாவது இருப்பது நல்லது என்பது பொதுவான பரிந்துரை. முப்பதுக்கு நாற்பது அடி கொண்ட அரை கிரவுண்டு மனையின் மூலைவிட்டமே சரியாக ஐம்பது அடிதான். போதாக்குறைக்கு, உங்கள் கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது உங்கள் வீட்டு டேங்காக இல்லாமல் பக்கத்து வீட்டாருடையதாக இருக்கலாம். அதனால்தான் பரிசோதனையில் நுண்ணுயிரிப் பகுதியை விட்டுவிடக் கூடாது.

பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று கேட்டால், விற்பவர் அடுத்த ஆண்டே வந்துவிடும் என்பார். அதைக் கணக்கில் எடுக்காமல், இப்போது கழிவுநீர் லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, மழைக்காலத்தில் கழிப்பறை எதிர்த்து வருகிறதா என்று மட்டும் விசாரியுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறையே டேங்க் நிரம்பினால், அங்கே நிலத்தடி நீர்மட்டம் மிக உயரத்தில் இருக்கிறது அல்லது டேங்கில் கசிவு இருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆயினும் பல வீடுகளில் குழாய் மட்டும் இறங்கி, குழி இல்லாமல் நிற்கும். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எந்த உள்ளாட்சியின் தெரு

ஒரே சாலையின் இடப்பக்கம் மாநகராட்சி, வலப்பக்கம் ஊராட்சி என்று இருப்பது இந்தப் பகுதிகளில் வழக்கம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் முடிச்சூர் அப்போது ஊராட்சியாகவே தொடர்ந்தது. ஊராட்சியில் சொத்து வரி குறைவு என்று தரகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குப்பை வண்டி, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு மருந்து ஆகியவற்றுக்கு ஊராட்சியிடம் உள்ள ஆட்களும் நிதியும் அதே அளவுக்குக் குறைவு என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல் வரி கட்டினாலும் குப்பை தினமும் எடுக்கப்படும் தெருவே மலிவு.

மனைப்பிரிவுக்குள் இருக்கும் சாலைகள் யாருடையவை என்பது பலர் கேட்கத் தவறும் கேள்வி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவானால் பூங்கா, விளையாட்டிடத்துக்கான பத்து விழுக்காட்டுத் திறந்தவெளி நிலத்தையும் மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக்கொடுக்காத சாலையை உள்ளாட்சி தனதாகக் கருதாது. தார் போடாது, விளக்குப் போடாது. மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பூங்கா என்று குறித்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே கோயிலோ, கட்சி அலுவலகமோ, யாரோ ஒருவரின் கார் ஷெட்டோ நின்றால், அந்தத் தெருவில் பிற விதிகளும் எப்படிக் கடைப்பிடிக்கப்படும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தெருவின் அகலத்தைக் காலடியால் அளக்காமல் டேப் வைத்தே அளக்க வேண்டும். பத்திரத்தில் முப்பதடி என்று எழுதியிருக்கும். இருபுறமும் வாசற்படிகளும் சாய்தளங்களும் போக, தீயணைப்பு வண்டியும் கழிவுநீர் லாரியும் திரும்ப இடமிருக்கிறதா என்பதே கணக்கு.

சில இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் தனித் தொல்லைகளும் உண்டு. மாடம்பாக்கம் போன்ற, தாம்பரம் விமானப்படைத் தளத்தை ஒட்டிய பகுதிகளில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று திட்டமிடுபவர் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பொழிச்சலூர், கொளப்பாக்கம் பக்கங்களில் விமானச் சத்தம் பழகிவிடும் என்பார்கள். பழகுமா என்பதை இரவு பத்து மணிக்கு அந்த மொட்டை மாடியில் நின்று நீங்களே முடிவு செய்யுங்கள். உயரழுத்த மின்கம்பி, திருமண மண்டபம், மதுக்கடை, குப்பைக் கிடங்கு ஆகியவற்றின் தொலைவை வரைபடத்தில் பார்ப்பதோடு, காற்று வீசும் திசையையும் நினைவில் கொள்ள வேண்டும். பெருங்குடிக் கிடங்கின் வாடை எங்கள் தெருவுக்கு வராது என்று ஒருவர் சொன்னால், எந்த மாதத்தில் என்று கேளுங்கள்.

போக்குவரத்து, பள்ளி, மருத்துவமனை

தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையைச் சுட்டி விளம்பரங்களில் வரும் ‘ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஐந்து நிமிடம்’ என்பது பின்னிரவு இரண்டு மணிக்கு அளந்த நேரம் என்று எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வேலைக்குப் போகும் ஒரு திங்கட்கிழமை காலையில், அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் அலுவலகம் வரை நீங்களே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். மாலையில் திரும்பியும் வர வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. இன்றும் தாம்பரம் வரைக்கும் ரயில்கள் நெருக்கமாக இருக்கும். அதைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று செங்கல்பட்டு நோக்கிப் போகப் போக இடைவெளி கூடும். ஆகவே ரயில் நிலையம் எவ்வளவு அருகில் என்பதோடு, உங்களுக்கு வேண்டிய நேரத்தில் அங்கே எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதையும் கால அட்டவணையில் பார்க்க வேண்டும். வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் பெரிய செய்தி. நிலையம் கண்ணுக்கெதிரே தெரிந்தாலும், லெவல் கிராசிங்கோ மழையில் நிரம்பும் சுரங்கப்பாதையோ நடுவில் இருந்தால் அந்த அருகாமை பயன்படாது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதி மனைகளின் மதிப்பு பேச்சில் கூடியது. தென்மாவட்டங்களுக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இது மெய்யான வசதி. ஆனால் விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான மெட்ரோ ரயில் போன்ற திட்ட அறிவிப்புகளுக்கு இன்றைய விலையில் பணம் கொடுக்கக் கூடாது என்பது உறுதியாகச் சொல்லத் தக்கது. தூண் எழும்பிய பிறகு வாங்குபவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார். அறிவிப்பை நம்பி வாங்குபவர் பத்தாண்டு காத்திருக்க நேரலாம். கடைசிக் கிலோமீட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ இரவு ஒன்பதரைக்குப் பிறகு கிடைக்குமா, நடந்தால் தெருவிளக்கு எரிகிறதா, தெருநாய்கள் எத்தனை என்பதைப் பார்க்க இரவில் ஒருமுறை போவது அவசியம். வீட்டுப் பெண்கள் அந்த வழியில் நடந்து பார்த்துச் சொல்லும் கருத்துக்கு மற்றவர்கள் கருத்தைவிட எடை கூடுதல்.

பள்ளியைப் பொறுத்தவரை, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வசிப்பது தமிழ்நாட்டில் முக்கிய தகுதியாகப் பார்க்கப்படுகிறது. அந்த வரம்புக்குள் வருபவர்கள் வீட்டின் முகவரியையும் ஒரு வசதியாகவே கணக்கிடலாம். அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால் உள்ளே போய்த் தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள். தூரத்துத் தனியார் பள்ளியின் வேனில் தினமும் இரண்டு மணி நேரம் செலவிடும் குழந்தைக்கு, பத்து நிமிட நடையில் இருக்கும் நல்ல அரசுப் பள்ளி எவ்வளவோ மேல்.

மருத்துவத்துக்கு, குரோம்பேட்டை, தாம்பரம் அரசு மருத்துவமனைகளும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெரிய துணை. முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு, இருபத்துநான்கு மணி நேரமும் அவசரப் பிரிவு நடத்தும் மருத்துவமனை எது, 108 வண்டி உங்கள் தெருமுனைக்குள் நுழையுமா என்ற இரண்டும் போதும். மற்ற கிளினிக்குகள் ஊர் வளர வளரத் தாமாக வந்துவிடும். நியாயவிலைக் கடை, சந்தை, வங்கி, கேஸ் ஏஜென்சி ஆகியவற்றைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்குள்

இவ்வளவும் சரியாக இருந்த பிறகே வீட்டுக்குள் போக வேண்டும். போகும்போது, விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரங்கள் வீட்டு விலையில் தூசு. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அடித்தளம் இறங்கியிருப்பதைக் காட்டக்கூடும். பூச்சில் வரும் மயிரிழை வெடிப்பு அவ்வளவு பயப்படத் தக்கதன்று. களிமண் நிலத்திலும், மண்ணடித்து நிரப்பிய பள்ளத்திலும் சாதாரண அடித்தளம் போதாது; என்ன அடித்தளம் போட்டார்கள் என்பதற்கு வரைபடமோ புகைப்படமோ கேளுங்கள். கூரையின் அடிப்புறத்தில் துருக்கறை தெரிந்தால், உப்புத் தண்ணீரில் கட்டியிருக்கலாம் அல்லது கம்பிக்குப் போதிய கான்கிரீட் மூடல் இல்லாமல் இருக்கலாம். இரண்டுமே ஆண்டாக ஆண்டாக மோசமாகும். மொட்டை மாடித் தட்டோடுகள் தட்டினால் வெற்றொலி எழுப்புகின்றனவா, மேற்குச் சுவருக்கு நிழல் உண்டா, குளியலறைச் சுவரின் மறுபுறத்தில் ஈரம் பூத்திருக்கிறதா என்பவை அடுத்த நிலை.

அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கையில் வைத்து, கட்டிய வீட்டை அதனோடு ஒப்பிட வேண்டும். பக்க இடைவெளியை விழுங்கிக் கட்டிய அறை, அனுமதியில்லாத இரண்டாம் மாடி ஆகியவை வங்கிக் கடனுக்கும் பிற்கால விற்பனைக்கும் தடையாகும். மின் இணைப்பு வீட்டு உபயோகக் கட்டணத்தில் இருக்கிறதா, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பாகவே தொடர்கிறதா என்பதை மின் கட்டண ரசீதே காட்டிவிடும். வீட்டு உபயோக இணைப்புக்கு மட்டுமே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கும்.

ஆவணங்கள்

ஆவணத்தை வழக்கறிஞர்தான் படிக்க வேண்டும். ஆயினும் அவரிடம் போகுமுன் நீங்களே வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளக்கூடியவை பல. சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுக்கலாம்; முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் கேளுங்கள். பட்டாவை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்துச் சரிபார்க்கலாம். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வேண்டும். பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதை வைத்து நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பதிவு செய்யப்படாத உயில், நிலுவையிலுள்ள வழக்கு, வாய்மொழிப் பாகப்பிரிவினை ஆகியவை வில்லங்கச் சான்றில் வாரா. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கைமாறிய வரிசையை வழக்கறிஞர் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. பொது அதிகாரம் பெற்ற முகவர் விற்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்ய வேண்டும். கோயில் நிலம், வக்பு நிலம் ஆகியவற்றில் வரும் சர்வே எண்ணா என்பதையும் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

மனைப்பிரிவின் அங்கீகாரம் இந்தப் பகுதியில் குழப்பம் மிகுந்தது. ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று காட்டி ஒரு காலத்தில் ஏராளமான மனைகள் விற்கப்பட்டன. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமில்லை. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும், அதற்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யும் அங்கீகாரம் தந்திருக்க வேண்டும். 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய வீடாக இருந்தால், தனிமனைக்கும் மனைப்பிரிவுக்கும் வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக ஒருவர் கட்டி விற்கும் தொகுப்பு வீடுகளில், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ, கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் (ரெரா) பதிவு கட்டாயம். பதிவு எண்ணை அதன் இணையதளத்தில் தேடினால் அனுமதிகளும் முடிக்க வேண்டிய தேதியும் கிடைக்கும். வங்கி கடன் தருகிறது என்பதையே அங்கீகாரமாக எண்ண வேண்டாம். வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்தைப் பாதுகாக்கிறார். உங்களுக்கென்று ஒருவர் தனியாக வேண்டும்.

விலை பேசும்போதே பதிவுச் செலவை எடுத்து வைக்க வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடும், 2023 ஏப்ரலில் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக மொத்தம் 9 விழுக்காடு. அறுபது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. ஆனால் பத்து லட்ச ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு மட்டுமே என்பதால் இந்தப் பகுதியில் தனிவீடு வாங்குபவர்களில் மிகச் சிலருக்கே அது உதவும். விலை ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவரே ஒரு விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்தம் செய்து, விற்பவரின் நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) செலுத்த வேண்டும். மீதியைத்தான் விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் எழுதும் விற்பனை ஒப்பந்தத்தில், ஆவணத்தில் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுப்பவரிடம் மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

பதிவு முடிந்த கையோடு பட்டா மாறுதல், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம், குடிநீர் இணைப்பு இருந்தால் அதன் பெயர் மாற்றம் ஆகிய நான்கையும் செய்துவிடுங்கள். உட்பிரிவு இல்லாத மனைகளுக்குப் பட்டா மாறுதல் பதிவின்போதே தானாக நடக்கும் வசதி இருக்கிறது. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவையர் நேரில் வந்து அளக்க வேண்டியிருப்பதால் நாளாகும். அவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரர்களையும் கூட இருக்கச் சொல்லி, நான்கு மூலைக் கற்களையும் அவர்கள் முன்னிலையில் நட்டுவிடுங்கள்.